சுமை ஏற்றாத எலி

காலை ஏழரைக்கு
ஆய்வகத்தின் கீழ்த்தளத்தைத் திறக்கிறேன்.
வெளியே, எரிந்த கரும்புத் தோகையின் கரி
கார்க் கண்ணாடிகளில் படிந்து கிடக்கிறது.
ரிபெய்ராவ் பிரேட்டோவில் ஆகஸ்டு இப்படித்தான்.
உள்ளே இருபத்திரண்டு டிகிரி,
வருடம் முழுக்க ஒரே பருவம்.

என் வேலை சின்னது.
மயக்கத்தில் கிடக்கும் எலியின்
கீழ் முன்பற்களில் கம்பி வளையம் மாட்டி
கப்பி வழியே நூலைத் தொங்கவிட்டு
நுனியில் இருநூறு கிராம் கட்ட வேண்டும்.
ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்.
ஏழு நாள்.
வாயில்லா ஜீவன் என்பார்கள்.
நாங்கள் பிடித்திருப்பதே அந்த வாயைத்தான்.

காதுக்குச் சற்று முன்னால்,
தாடை மண்டையோட்டோடு கூடும் இடத்தில்
ஒரு தட்டு இருக்கிறது,
எலிக்கு அரிசிக் குருணை அளவு.
நான்கு வருட நிதி, இரண்டு முனைவர் பட்டம், என் சம்பளம்
எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

மயக்கம் முழுதும் தெளிந்த மறுநாள்
நைலான் இழையால் கன்னத்தைத் தொடுகிறேன்.
மெல்லியது, கொஞ்சம் தடித்தது, அடுத்தது.
தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால்
அந்த இழையின் எண்ணை எழுதுகிறேன்.
வலிக்கிறதா என்று இவ்வளவு பொறுமையாக
என்னை யாரும் கேட்டதில்லை.

எனக்கும் இடது பக்கம் சொடுக்கும்.
தூக்கத்தில் பல்லை நறநறக்கிறாய் என்று
ஓஸ்மார் எழுப்பிவிடுவான்.
அவன் பெட்டியோடு கிளம்பிய வாரம்
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றாள் அக்கா.
இருந்தேன். சொன்னது சொன்னபடி.
மருத்துவர் தந்த பிளாஸ்டிக் தகடு
இரண்டாம் மாதமே ஓட்டையானது.

பதினொன்றாம் எண்ணுக்கு எடை கிடையாது.
அது ஒப்பீட்டுக்கான எலி:
அதே மயக்கம், அதே வளையம், அதே ஒரு மணி நேரம்,
நூல் நுனியில் மட்டும் ஒன்றுமில்லை.
ஐந்தாம் நாள்
நான்கு கிராம் இழைக்கே தலையை இழுத்தாள்.
காத்திருந்து மறுபடி தொட்டேன்.
மறுபடியும் இழுத்தாள்.
மூட்டைத் தடவினேன், வீக்கம் இல்லை.
பிறகுதான் கூண்டைப் பார்த்தேன்.

உள்ளே பன்னிரண்டு,
முழு எடை தொங்கியவள்,
தீனிக் கட்டியை முன்கால்களில் ஏந்தி
கடிக்காமல்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பதினொன்றை இறக்கிவிட்டேன்.
நேரே போய் அவள் கழுத்தடியில் படுத்துக்கொண்டாள்.

"பதினொன்றை நீக்கிவிடு, ஜுராசி,
வரைபடம் சிதறுகிறது" என்றார் முனைவர் வால்டெசிர்.
கெட்டவர் இல்லை.
என் பல்தகட்டுக்குத் தள்ளுபடி வாங்கித் தந்தவர்.
பட்டியலில் சுமைக்கு ஒரு பத்தி உண்டு:
இருநூறு, இல்லையென்றால் பூஜ்யம்.

இப்படியான நேரங்களில் நான்
சொல்லை மென்று விழுங்குவதுதான் வழக்கம்.
அன்று வாயைத் திறந்தேன்.
சொடுக்கியது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.
"பன்னிரண்டோடு தூங்குகிறாள்" என்றேன்.
திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அது வேறு ஆராய்ச்சி" என்றார்.
"நீக்காதே. குறிப்பில் எழுது."
எழுதினேன், பென்சிலால்,
கூண்டு ஆறு, இருவர் என்று.

எட்டாம் நாள் மூட்டுகளை எடுக்கும் நாள்.
ஒவ்வொன்றாகத்தான் மேலே கொண்டுபோவோம்.
இருவரையும் ஒரே பெட்டியில் கொண்டுபோகக் கூடாது
என்று விதி ஏதும் இல்லை.
போர்ச்சுகீசியத்தில் நாற்பத்தொரு பக்கம்,
முந்தின இரவே படித்து வைத்திருந்தேன்.
லிஃப்ட் வரத் தாமதமானது.
பெட்டி என் கையில் லேசாக அசைந்து
பிறகு அசையவில்லை,
இருவரும் ஒரே மூலைக்குப் போய்விட்டார்கள் போல,
எடை முழுதும் இடது பக்கம் இறங்கியது.

மதியம் கேன்டீனில்
வெந்த மரவள்ளிக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கி
வலது பக்கமாக மென்றேன்.
எதிரே உட்கார்ந்த புதுப் பெண்
என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
தன் ரொட்டியைச்
சின்னச் சின்னதாகப் பிய்க்கத் தொடங்கினாள்.